வணிக வானொலியும் கட்சால் தீவும்

வானொலி அலைக்கு எல்லைக்கோடு கிடையாது என்று சொல்வது வழக்கம். அது பாதி உண்மையே. அலை கடலைக் கடக்கும், மலையைத் தாண்டும், சுங்கச் சாவடியில் நின்று சீட்டுக் காட்டுவதில்லை. ஆயினும், அந்த அலையை எழுப்புவதற்குப் பொருள் வேண்டும். அரசு பொருள் கொடுத்தால் தன் குடிமக்களை எண்ணிக் கொடுக்கும். வணிகர் பொருள் கொடுத்தால் தம் சரக்கை வாங்குவோரை எண்ணிக் கொடுப்பர். இவ்விரு கணக்கிலும் சேராதவன் கேட்பதற்கு என்ன உண்டு? வணிக ஒலிபரப்பின் வரலாற்றைப் படிக்கும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுவே.

இக்கேள்விக்கு விடை தேட, சென்னையிலோ கொழும்பிலோ நிற்பதைக் காட்டிலும் கட்சால் தீவில் நின்று பார்ப்பது நன்று. நிக்கோபார்த் தீவுக் கூட்டத்தின் நடுப்பகுதியில், கமோர்டாவுக்கும் நன்கவுரிக்கும் மேற்கே அமைந்தது கட்சால். 2004ஆம் ஆண்டின் கடற்கோளுக்கு முந்தைய அளவீட்டின்படி அதன் பரப்பு ஏறத்தாழ 174 சதுர கிலோமீட்டர். அது நிக்கோபார்ப் பழங்குடி மக்களின் மண். 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி, வெளியார் அங்குச் செல்ல அரசின் இசைவு வேண்டும். 2000ஆம் ஆண்டு பிறந்தபோது இத்தீவின் பெயர் உலகச் செய்தியாயிற்று. கிரீனிச்சில் நள்ளிரவு மணி அடிக்கும் அதே வேளையில் கட்சாலில் கதிரவன் எழுகிறான் என்பதே அச்சிறப்பு.

வரைபடத்தை எடுத்து அளந்து பார்த்தால் வியப்பான ஓர் உண்மை புலப்படும். கட்சாலிலிருந்து சென்னை ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர்; கொழும்பும் ஏறத்தாழ அதே தொலைவு. தீவுகளின் தலைநகராகிய போர்ட் பிளேர் 400 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே உள்ளது. சுமத்திராவின் வடமுனையிலுள்ள பண்டா ஆச்சே அதனினும் அண்மையது. இத்தகைய இடத்தில் தமிழ் பேசும் குடும்பங்கள் வந்து வாழத் தொடங்கியது எவ்வாறு? அவர்கள் வந்த வழியும், தமிழ் வணிக வானொலி பிறந்த இடமும் ஒன்றே. இரண்டும் இலங்கை.

1948ஆம் ஆண்டில் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம், தலைமுறை தலைமுறையாகத் தேயிலைத் தோட்டங்களிலும் ரப்பர்த் தோட்டங்களிலும் உழைத்து வந்த இந்திய வழித் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. அடுத்து வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். நாடற்றவராக இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்பது அதன் சாரம். 1974இல் இந்திரா காந்தி காலத்து உடன்படிக்கை, அந்த எஞ்சியோரையும் 75,000, 75,000 என்று பாதி பாதியாகப் பிரித்தது.

தாயகம் திரும்பியோர் எனப் பெயர் பெற்ற இம்மக்கள் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினர். அவர்களுள் பலர் தமிழ்நாட்டிலேயே தங்கினர். நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அவர்களுக்காக எழுந்தன. வேறு சிலர் அயல் மாநிலங்களுக்கு அனுப்பப்பெற்றனர். கேரளத்தின் புனலூரிலும், கருநாடகத்தின் சுள்ளியாப் பகுதியிலும் ரப்பர்த் தோட்டங்கள் அவர்களை ஏற்றன. இவ்வரிசையில் மிகத் தொலைவானது கட்சால். பால்வெட்டும் தொழில் அறிந்த குடும்பங்கள் அங்கு எழுந்த ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. 1977இல் நிறுவப்பட்ட அந்தமான் நிக்கோபார் வன, தோட்ட வளர்ச்சிக் கழகம் பின்னர் அத்தோட்டத்தை நடத்தி வந்தது.

இனி, வானொலியின் பக்கம் திரும்புவோம்.

தமிழகத்தில் வானொலி முயற்சி தனியார் ஆர்வத்தாலேயே தொடங்கியது. 1924ஆம் ஆண்டில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று சென்னை மாகாண வானொலிக் கழகத்தை அமைத்தார். அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் ஒலிபரப்பும் தொடங்கியது. இங்கிலாந்தில் நாடளாவிய ஒலிபரப்புத் தொடங்கி ஈராண்டு கூட நிறையாத காலம் அது. ஆயினும், கையில் பொருள் இல்லாமற் போகவே, 1927இல் கழகம் தன் ஒலிபரப்பை நிறுத்திற்று. அதன் கருவியைச் சென்னை மாநகராட்சி ஏற்று, 1930ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து மாலைதோறும் இசையும் பேச்சும் வழங்கியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டதால், வானொலிப் பெட்டி வாங்க இயலாதவரும் நின்று கேட்டனர்.

அதே காலத்தில் பம்பாயில் ஒரு வணிக முயற்சி நடந்தது. 1927ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் இந்திய ஒலிபரப்புக் கம்பெனி தன் முதல் நிலையத்தைப் பம்பாயிலும், ஆகஸ்டு 26ஆம் நாள் இரண்டாவதைக் கல்கத்தாவிலும் திறந்தது. ஒரே நிறுவனம் பல நகரங்களில் நிலையங்கள் நடத்தும் முறைக்கு நம் நாட்டில் இதுவே முன்மாதிரி எனலாம். வானொலி உரிமக் கட்டணத்தில் ஒரு பங்கும், பெட்டிகளின் இறக்குமதித் தீர்வையும் அதன் வருவாய். அவ்வாண்டு இறுதியில் நாடெங்கும் உரிமம் பெற்றிருந்தோர் மூவாயிரத்து ஐந்நூறு அளவினரே. 1930 மார்ச்சு மாதம் கம்பெனி கலைக்கப்பட்டது. நேயர் பெருகும்முன் வணிக வானொலி வாழாது. வானொலி பெருகும்முன் நேயர் பெருகார். இந்த முடிச்சை அவிழ்க்கத் தனியாரால் இயலவில்லை. அரசு அதனைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 1936இல் அகில இந்திய வானொலி என்ற பெயர் வழங்கலாயிற்று. 1938 ஜூன் 16இல் சென்னை நிலையமும், 1939 மே 16இல் திருச்சி நிலையமும் அதன் கீழ்த் தோன்றின. விளம்பரம் என்ற சொல்லுக்கே அங்கு இடமில்லாதிருந்தது.

அவ்வாறாயின், வணிக வானொலியைத் தமிழரின் காதுக்குக் கொண்டு வந்தவர் யார்? கொழும்பில் இருந்தவர்கள். எட்வர்டு ஹார்ப்பர் என்ற பொறியாளரின் சோதனைகளைத் தொடர்ந்து, 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாளிலேயே கொழும்பில் முறையான ஒலிபரப்புத் தொடங்கியிருந்தது. ஆனால், அதன் பெரும்புகழுக்குக் காரணம் இரண்டாம் உலகப் போர். தென்கிழக்காசியாவில் போர் புரிந்த நேச நாட்டுப் படைவீரருக்குச் செய்தியும் இசையும் அனுப்புவதற்காக, கொழும்புக்கு அண்மையிலுள்ள ஏக்கலையில் 100 கிலோவாட் ஆற்றலுள்ள சிற்றலை ஒலிபரப்பி ஒன்று நிறுவப்பட்டது. போர் முடிந்தது, படைகள் கலைந்தன, கருவி நின்றது. 1949இல் அதனை இலங்கை அரசு பெற்றுக்கொண்டது.

ஒரு சிறு நாட்டின் தேவைக்கு அது மிகப் பெரிய கருவி. அதன் குரல் இந்தியா முழுவதும் கேட்கும். பர்மாவிலும் மலேயாவிலும் கேட்கும். கேட்கும் இடங்களிலெல்லாம் சரக்கு விற்போரும் உளர் அன்றோ? 1950ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் இலங்கை வானொலி தன் வர்த்தக சேவையைத் தொடங்கியது. கொழும்புத் திட்டத்தின் கீழ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிஃபர்டு டாட் அதற்குத் தலைமை ஏற்றார். ஒலிபரப்பு நேரத்தைத் துண்டு துண்டாக வகுத்து விற்றார்கள். சில துண்டுகளில் விளம்பர வாசகம் மட்டும் வரும். வேறு சிலவற்றில் முழு நிகழ்ச்சிக்கும் ஒரு கம்பெனியே செலவை ஏற்று, தன் பெயரை நிகழ்ச்சிக்குச் சூட்டிக்கொள்ளும். பம்பாயில் ஒலிப்பதிவு செய்யப்பட்ட நாடாக்கள் கொழும்புக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து மீண்டும் பம்பாய் நேயரின் காதுக்கே வந்து சேர்ந்தன.

இந்தியாவில் அந்நாளில் எடுக்கப்பட்ட ஒரு முடிவு கொழும்புக்குப் பெருவாய்ப்பாயிற்று. 1952 முதல் 1962 வரை செய்தி, ஒலிபரப்பு அமைச்சராயிருந்த பி. வி. கேஸ்கர், மரபிசையே வானொலிக்கு உரியது என்ற கொள்கை உடையவர். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல் மிகவும் அருகியது. மக்கள் பெட்டியின் முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினர். 1952 டிசம்பரில் அமீன் சயானியின் இந்தித் திரைப்பாடல் வரிசை நிகழ்ச்சி, ஒரு பற்பசைக் கம்பெனியின் பெயரால் அங்குத் தொடங்கி, நாட்டையே வாரத்துக்கு ஒரு நாள் பெட்டியின் முன் அமர வைத்தது.

தமிழ் ஒலிபரப்பு இதற்குப் பின்தங்கவில்லை. வர்த்தக சேவையின் முதல் தமிழ் அறிவிப்பாளராகப் பெயர் பெற்ற எஸ். பி. மயில்வாகனன், அறிவிப்பு என்பதையே ஒரு கலையாக்கினார். மேடைப் பேச்சின் முழக்கமோ ஏட்டுத் தமிழின் விறைப்போ இன்றி, நேயரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசுவதுபோல் பேசும் முறை அவருடையது. அவருக்குப் பின் கே. எஸ். ராஜா, இராஜேசுவரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீது முதலியோர் தமிழகத்தின் சிற்றூர்களிலும் வீட்டுப் பெயர்களாயினர். 'பொங்கும் பூம்புனல்' கேட்டுப் பொழுது விடிந்த வீடுகள் தென்மாவட்டங்களில் பல. 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சி வானொலியில் பிறந்து, பின்னர்த் தொலைக்காட்சி மேடைக்குச் சென்றது.

இந்த வணிகத்தில் நேயரை எண்ணியது எப்படி? கடிதங்களைக் கொண்டே. பாட்டுக் கேட்டு எழுதும் அஞ்சல் அட்டை எந்த ஊரிலிருந்து வந்ததோ, அந்த ஊரில் நேயர் உண்டு என்பது விளம்பரம் தருவோருக்குச் சான்று. இன்றைய ஜார்க்கண்டு மாநிலத்தில் ஜும்ரி திலையா என்ற சிற்றூர் இருக்கிறது. மைக்காச் சுரங்கம் தவிர அதற்கு வேறு புகழில்லை. அவ்வூரார் பாட்டுக் கேட்டு ஓயாமல் எழுதிய அஞ்சல் அட்டைகளால் இந்தியா முழுவதும் அதன் பெயர் ஒலித்தது. சிற்றலைக் காலத்தின் சிறப்பு இது. தொலைவு தடையாகவில்லை, ஊரின் சிறுமையும் தடையாகவில்லை. ஓர் அட்டையின் விலையில் எந்த ஊரும் தன் பெயரை வானில் கேட்கலாம்.

ஆனால், இவ்வரலாற்றில் நம் நெஞ்சை உறுத்தும் ஒரு முரண் உண்டு. தோட்டத் தமிழரிடமிருந்து குடியுரிமையைப் பறித்த அதே அரசின் வானொலி, ஈராண்டு கழிவதற்குள், தமிழ்ப் பாட்டையும் தமிழ்ப் பேச்சையும் விற்றுப் பொருள் ஈட்டத் தொடங்கியது. தமிழ் நேயர் வேண்டும். தமிழ்த் தொழிலாளியின் வாக்கு வேண்டா. வானொலி நிலையத்தில் பணிபுரிந்த கலைஞர்களை இதற்குக் குறை சொல்லுதல் முறையாகாது. அவர்கள் மொழிக்குச் செய்த தொண்டு பெரிது. நாம் சுட்டுவது கணக்கின் முறையை. வணிகக் கணக்கில் தமிழர் ஒரு சந்தை. அரசியல் கணக்கில் அவருள் ஒரு பெரும்பகுதி ஒரு சுமை. 1950களின் நடுவில் டிரான்சிஸ்டர்ப் பெட்டி சந்தைக்கு வந்தது. மின்சாரம் எட்டாத குடியிருப்புகளுக்கும் வானொலி எட்டும் காலம் தொடங்கியது. அலைக்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை. கேட்டவருக்கோ எந்த நாட்டுச் சீட்டும் இல்லை.

கொழும்பின் வெற்றி இந்திய அரசைச் சிந்திக்க வைத்தது. 1957ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் 'விவித் பாரதி' தோன்றியது. பம்பாயிலும் சென்னையிலும் இருந்த சிற்றலை ஒலிபரப்பிகள் அதனைச் சுமந்தன. திரைப்பாடல் மீண்டும் நம் வானொலிக்கு வந்தது. விளம்பரம் இன்னும் வரவில்லை. 1964இல் அமைக்கப்பட்ட அசோக் சந்தா குழு, வணிக ஒலிபரப்பை ஏற்கலாம் எனப் பரிந்துரைத்தது. 1967 நவம்பர் முதல் நாள், பம்பாய், பூனா, நாகபுரி ஆகிய நகரங்களின் விவித் பாரதியில் முதல் விளம்பரம் ஒலித்தது. 1969இல் சென்னையும் திருச்சியும் இவ்வரிசையில் சேர்ந்தன. கொழும்பைக் கேட்டுப் பழகிய தமிழ்க் காதுகளுக்குச் சென்னையின் வர்த்தக ஒலிபரப்பும் நாளடைவில் பழகிற்று.

இங்கே ஒரு மாற்றத்தை உற்று நோக்குதல் வேண்டும். கொழும்பின் வணிகம் சிற்றலையில் நடந்தது. சிற்றலை வானத்தின் அயனி மண்டலத்தில் மோதித் திரும்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் செல்லும். விவித் பாரதியின் வணிகமோ நகரங்களைச் சுற்றிய மத்திய அலைக்கு மாறிற்று. அது பகலில் சில மாவட்டங்களைத் தழுவும். இரவில் சற்று நீளும். விளம்பரம் தருபவருக்கு இது வசதி. சென்னைக் கடையின் புடவை விலை சென்னைக்காரர் காதில் விழுந்தால் போதுமே! அலையின் எல்லை சுருங்கச் சுருங்க வணிகத்தின் குறி கூர்மை பெற்றது.

இந்நிலையில்தான் தாயகம் திரும்பியோரின் குடும்பங்கள் கட்சாலுக்கு வந்து சேர்ந்தன. கொழும்பும் சென்னையும் ஒரே தொலைவில் இருக்கும் அத்தீவுக்கு, தொலைவை வெல்லும் சிற்றலையும், இரவில் கடல்மேல் நெடுந்தூரம் செல்லும் மத்திய அலையுமே தமிழ் கொண்டு வரத் தக்கவை. அவற்றோடு, 1963இல் போர்ட் பிளேரில் தொடங்கப்பட்ட அகில இந்திய வானொலி நிலையம் இருந்தது. தீவுகளில் வாழும் பல மொழியினருக்கும் அது நிகழ்ச்சி வழங்கியது. தமிழும் நிக்கோபாரியும் அவற்றுள் அடங்கும். அங்கு நேயர் தொகை சிறிது. விளம்பர வருவாய் அதனினும் சிறிது. வணிகக் கணக்கு மட்டும் பார்த்திருந்தால் அந்நிலையம் எழுந்திராது. புயல் எச்சரிக்கை, கப்பல் வரும் நாள், அரசு அறிவிப்பு ஆகியவற்றுக்கு விலை வைக்க முடியுமா? கப்பலை நம்பி வாழும் தீவில் அவை உணவுக்கு ஒப்பானவை.

அடுத்து வந்தது பண்பலைக் காலம். 1993இல் அகில இந்திய வானொலி, சென்னை உள்ளிட்ட சில நகரங்களில் தன் பண்பலை நேரத்தைத் தனியாருக்கு விற்றது. 1995 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் ஓர் அரிய தீர்ப்பு வழங்கிற்று. வானலைகள் பொதுச்சொத்து, அவற்றை அரசும் தனக்கே உரியனவாகக் கொள்ளலாகாது, பணம் படைத்தோரும் தமக்கே உரியனவாகக் கொள்ளலாகாது, பொதுநலத்துக்கு உகந்தவாறு அவற்றை ஒழுங்குபடுத்த வேண்டும் என்பது அதன் கருத்து. 1999இல் அரசு தனியார் பண்பலைக் கொள்கையை அறிவித்து அலைவரிசைகளை ஏலத்தில் விட்டது. 2001 ஜூலையில் பெங்களூரில் நாட்டின் முதல் தனியார் பண்பலை நிலையம் ஒலித்தது. 2003இல் சென்னையில் சூரியன் பண்பலையும் ரேடியோ மிர்ச்சியும் தோன்றின. 2005இல் கொள்கை திருத்தப்பட்டு, ஆண்டுதோறும் ஏறும் உரிமக் கட்டணத்துக்குப் பதிலாக வருவாயில் பங்கு என்ற முறை வந்ததும், நிலையங்கள் விரைந்து பெருகின. 2006 முதல் தினத்தந்தி நிறுவனத்தாரின் ஹலோ பண்பலை சென்னை, கோவை, மதுரை, திருச்சி, திருநெல்வேலி, தூத்துக்குடி, புதுச்சேரி ஆகிய ஏழு நகரங்களில் பரவியது. சூரியன் குழுமமும் மாவட்டத் தலைநகரங்கள் பலவற்றில் கால் ஊன்றியது.

ஒரு குழுமம் பல நிலையங்களை நடத்துவதில் ஆதாயம் எது? பாட்டுத் தொகுப்பு, ஒலிப்பதிவுக் கூடம், விளம்பரம் திரட்டுவோர் ஆகிய செலவுகள் பல நிலையங்களுக்கும் பொதுவாகும். பெரிய கம்பெனி ஒரே ஒப்பந்தத்தில் தமிழகம் முழுவதும் விளம்பரம் செய்யலாம். உள்ளூர் நகைக்கடை தன் ஊருக்கு மட்டும் செய்யலாம். அறிவிப்பாளர் அந்தந்த ஊர்ப் பேச்சிலேயே பேசுவார். நெல்லைத் தமிழும் கோவைத் தமிழும் வானொலியில் தலைநிமிர்ந்து ஒலித்தது இக்குழுமங்களால் விளைந்த நன்மை. அதை மறுத்தலாகாது. எனினும், பண்பலை கண்ணுக்கெட்டும் தொலைவுக்கே செல்லும் இயல்பினது. உயர்ந்த கோபுரம் அமைத்தாலும் ஐம்பது, அறுபது கிலோமீட்டருக்கு மேல் தெளிவாகக் கேட்பதரிது. நேயர் அளவீடும் அஞ்சல் அட்டையிலிருந்து மாறி, சில பெருநகரங்களில் மட்டும் எடுக்கப்படும் கணக்காயிற்று. ஜும்ரி திலையா போன்ற ஊர் அக்கணக்கில் தோன்றாது. கட்சால் தோன்றுவது எங்ஙனம்?

இலங்கையிலும் இதே காலத்தில் தனியார் குழுமங்கள் எழுந்தன. 1998இல் சக்தி பண்பலையும் சூரியன் பண்பலையும் தமிழில் தொடங்கப்பட்டு, மலைநாடு உள்ளிட்ட பகுதிகளுக்குச் சென்றன. இதனால் விளைந்த நிலையை எண்ணிப் பாருங்கள். உடன்படிக்கையின் ஒரு வரியால் அண்ணன் தம்பியர் பிரிந்தனர். தோட்டத்திலேயே தங்கிவிட்டவரின் மக்கள் இன்று பல தமிழ் வணிக நிலையங்களைக் கேட்கின்றனர். கப்பலேறியவர்களிலும் நீலகிரிக்கோ தமிழகத்தின் நகர்ப்புறங்களுக்கோ சென்றோரின் மக்களுக்கு ஏதேனும் ஒரு தமிழ் நிலையம் எட்டுகிறது. கட்சாலுக்குச் சென்றோரின் மக்களுக்கோ தமிழ் வணிகப் பண்பலை ஒன்றும் எட்டவில்லை. இவர்களைச் சந்தை என்று எண்ணுவதற்கு இவர்கள் தொகை போதவில்லை.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் எழுந்து வந்தது. நிக்கோபார்த் தீவுகளுள் மிகக் கொடிய அழிவை அடைந்தவற்றில் கட்சாலும் ஒன்று. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 5,000க்கு மேல் இருந்த மக்கள்தொகை, 2011இல் 3,000க்கும் கீழே இறங்கியது. கடல் கொண்டவரும் தீவை விட்டு அகன்றவரும் அந்தக் குறைவில் அடங்குவர். தொலைபேசி அறுந்த அந்நாளில் தீவுகளின் குரலை வெளியுலகுக்குக் கொண்டு சென்றோருள் ஹாம் வானொலி ஆர்வலரும் இருந்தனர். ஐதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் பாரதி பிரசாத்தும் அவர் குழுவினரும் அம்மாதம் போர்ட் பிளேரில் இருந்தனர். அவர்கள் தம் கருவிகளைக் கொண்டு மீட்புச் செய்திகளை இரவு பகலாகக் கடத்தினர். அவர்கள் ஆண்டதும் தொலைவை வெல்லும் சிற்றலையே. விளம்பரமோ வருவாயோ அதில் இல்லை. தொலைவான தீவுக்கு வானொலி எதற்கு என்று கேட்போர்க்கு இதுவே தக்க விடை.

ஆயினும், அதன்பின் வந்த ஆண்டுகளில் சிற்றலை நிலையங்கள் உலகெங்கும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. நம் நாட்டிலும் பல சிற்றலை ஒலிபரப்பிகள் செலவு கருதி நிறுத்தப்பட்டன. கைப்பேசியும் இணையமும் வந்துவிட்டனவே என்பது அதற்குச் சொல்லப்பட்ட அமைதி. 2020 ஆகஸ்டு 10ஆம் நாள் சென்னையிலிருந்து அந்தமான் நிக்கோபாருக்குக் கடலடிக் கம்பிவடம் திறந்து வைக்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வடம் போர்ட் பிளேரையும் வேறு ஏழு தீவுகளையும் இணைத்தது. நிக்கோபாரில் கார் நிக்கோபார், கமோர்டா, பெரிய நிக்கோபார் ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. கட்சால் இல்லை. கண்ணுக்கெட்டும் தொலைவிலுள்ள அண்டைத் தீவு வரை வந்த வடம், இவர்கள் கரையில் ஏறவில்லை.

இதனால் வணிக வானொலி தீது என்று முடிவு கட்டுதல் பிழையாகும். கொழும்பின் வர்த்தக சேவை இல்லையேல், தமிழ் அறிவிப்புக் கலை இவ்வளவு விரைவில் வளர்ந்திராது. விவித் பாரதியும் பிறக்கக் காலம் தாழ்ந்திருக்கும். பண்பலைக் குழுமங்கள் இல்லையேல், வட்டார வழக்குக்கு வானில் இத்தனை இடம் கிடைத்திராது. வணிகம் தன் வேலையைச் செவ்வனே செய்தது. அது செய்யாத வேலையும் ஒன்று உண்டு என்பதையே நூறாண்டு வரலாறு காட்டுகிறது. வாங்குவோர் இல்லாத இடத்தில் அது விளக்கேற்றாது. இதனை அரசும் அறிந்திருக்கிறது. 2011ஆம் ஆண்டின் பண்பலைக் கொள்கை, வடகிழக்கு மாநிலங்களுக்கும் காசுமீரத்துக்கும் தீவுகளுக்கும் முதல் மூன்றாண்டுகள் உரிமக் கட்டணத்தில் பாதியைக் குறைத்தது இவ்வுணர்வினாலேயே.

வணிகத்துக்கும் அரசுக்கும் நடுவே மூன்றாம் வழியும் திறந்திருக்கிறது. 2004 பிப்ரவரி முதல் நாள் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அண்ணா பண்பலை, நாட்டின் சமுதாய வானொலிகளுக்கு முன்னோடி. 2006ஆம் ஆண்டின் கொள்கைப்படி தொண்டு நிறுவனங்களும் அத்தகைய நிலையம் நடத்தலாம். மணிக்குச் சில நிமிடம் அளவோடு விளம்பரமும் ஏற்கலாம். சிறிய கோபுரம், சில கிலோமீட்டர் எல்லை, ஊராரே பேச்சாளர் என்பது அதன் அமைப்பு. பண்பலையின் குறுகிய எல்லை பெருவணிகத்தின் கையில் கட்சாலை விலக்கியது. அதே குறுகிய எல்லை, ஊராரின் கையில் இருந்தால், ஒரு தீவுக்குச் சரியாகப் பொருந்தும். நிக்கோபாரியும் தமிழும் ஒரே நிலையத்தில் முறைவைத்து ஒலிக்க முடியாதா?

அயல் மாநிலங்களில் வாழும் தமிழ் அன்பர்களுக்கு இச்செய்தி புறம்பானதன்று. நீங்கள் வாழும் நகரில் தனியார் நிலையங்கள் பல இருக்கலாம். அவற்றில் தமிழ் ஒலிப்பது அரிது. அங்குள்ள தமிழர் தொகை விளம்பரக் கணக்குக்குப் போதாது என்பதே காரணம். தில்லியிலிருந்து பல்லாண்டுகள் தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமியின் குரல் உங்கள் பெற்றோருக்கு நினைவிருக்கும். அக்குரலை வானில் ஏற்றியது எந்தச் சோப்புக் கம்பெனியும் அன்று. அது ஒரு பொதுத்துறை ஒலிபரப்பு. அத்தகைய ஒலிபரப்பைக் கேட்பாரும், கேட்டு எழுதுவாரும் குறையக் குறைய, அதனை நிறுத்துதல் எளிதாகும். ஆகவே, உங்கள் ஊர் நிலையத்தில் தமிழுக்கு ஒதுக்கிய நேரம் உண்டாயின் அதனைக் கேளுங்கள். நன்றாயினும் அன்றாயினும் நிலையத்துக்கு எழுதுங்கள். உண்டாகாதாயின் கேட்டு வாங்குங்கள். வானலை பொதுச்சொத்து என்று நீதிமன்றம் சொன்னபின், அதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. கட்சாலில் பால்வெட்டிய தொழிலாளியின் பங்கும் அதில் அடங்கும்.